இரண்டு ஆள் வேலை

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்கு மாடியையும் கால் கடுக்க ஏறித்தான் ஆக வேண்டும். இதன் உச்சி மாடியில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில், ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்க்கிறவர் குடியிருந்தார் என்பது கீழ்வீட்டுக்காரர்களுக்கு ஓயாத கேலி. முதலில் நம்ம வீட்டுக்கு ஒன்று மாட்டுங்கள் என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிப் போவார். லிஃப்டுக்காரர் என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். அவர் மனைவிக்கு ஒரு பெரிய சலவை நிலையத்தில், இஸ்திரி போடுகிற இடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள், ஓட்டல்களின் மேஜைத் துணிகள் என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும். நாள் முழுவதும் ஆவிக்குள்ளேயே நிற்பாள். முன்கையில் சூடுபட்ட தழும்புகள் கோடு கோடாக இருக்கும். சாயங்காலம் படியேறி வரும்போது என் வாசலில் ஒரு நிமிடம் நின்று சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொள்வாள். அவள் வரும்வரை அவர்களுடைய பெண் என் வீட்டில்தான் இருப்பாள். இரண்டாம் வகுப்பு. மெஷினுக்குக் கீழே விழுகிற துண்டுத் துணிகளைப் பொறுக்கி எடுத்து நிறவாரியாக அடுக்குவாள். நான் ஒரு துண்டை மிதித்துவிட்டால் கோபம் வந்துவிடும்.

லிஃப்டுக்காரர் எப்போது வருவார், எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. போன் அடித்தால் போக வேண்டும். சோற்றில் கை வைத்திருந்தாலும் போக வேண்டும், தலையில் சோப்பு நுரை இருந்தாலும் போக வேண்டும். ஒருமுறை நானே கேட்டுவிட்டேன், ஐந்து நிமிடம் கழித்துப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று. அவர் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"பெட்டிக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டு நிக்கறார்க்கா. காத்து வருதா வரலையான்னு அவருக்குச் சந்தேகம். நான் இங்க ரசிச்சு ரசிச்சுச் சாப்பிட்டுட்டு இருந்தா எப்படி?"

லிஃப்ட் பழுது பார்ப்பது இரண்டு ஆள் செய்கிற வேலை என்று அவர்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒருவர் உச்சியில் உள்ள மெஷின் அறையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்த சுவிட்சை விட்டு நகராமல் நிற்க வேண்டும். மற்றவர்தான் லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியின் தலைமேல் ஏறி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் குரல் கொடுக்காமல் மேலே இருப்பவர் சுவிட்சைத் தொடக் கூடாது. அவருடைய கம்பெனியில் முன்பு நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் வெளிநாடு போய்விட்டார், ஒருவருக்கு இடுப்பு போய்விட்டது. அந்த இடங்களுக்கு ஆள் போடுகிறேன் போடுகிறேன் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். மிச்சம் இருந்தது இவரும் நெட்டையும்தான்.

நெட்டை நிஜமாகவே நெட்டை. நிலைப்படியில் தலையை இடித்து இடித்து, இடிக்காத வாசலில்கூடக் குனிந்துதான் நுழைவான். இவரை விட வயதில் சின்னவன். அண்ணே, அண்ணி என்று உறவாகத்தான் பழகினான். வேலை முடிந்து இருவரும் சேர்ந்து வந்தால் லிஃப்டுக்காரர் மனைவி அவனுக்கும் தட்டு வைப்பாள். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைத் தொட வைப்பான். அவனுக்கும் ஒரு கைக்குழந்தை இருந்தது. தன் பிள்ளை தன்னைப் பார்த்தால் யாரோ வந்துவிட்டார்கள் என்று அழுகிறான் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு விளையாட்டில். கீழ்வீட்டுப் பெண்ணும் லிஃப்டுக்காரர் மகளும் என் வீட்டுக் கூடத்தில் அப்பா அம்மா விளையாடிக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டுப் பெண் அம்மா. அவள் சமைத்தாள், பொம்மையைக் குளிப்பாட்டினாள், திட்டினாள். இவள் அப்பா. சோப்பு டப்பாவைக் காதில் வைத்து, "தோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கேயே நின்றாள். எப்போது வருவாய் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, அப்பா என்றால் இவ்வளவுதான், நீ விளையாடு என்றாள்.

லிஃப்டுக்காரர் மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பார்த்தாள். மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று அவர்கள் வீட்டில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் சுவர் காகிதம் மாதிரி, இருமினால் கேட்கும். சண்டை போட்டிருந்தால் தெரிந்திருக்கும். மறுநாள் அவளே சொன்னாள். அழாமல், திட்டாமல், நடந்ததை அப்படியே அவரிடம் சொன்னாளாம். பிறகு, "உங்கள எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று மட்டும் கேட்டாளாம். அவர் வெகு நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கிரீஸ் கறை ரேகைக்குள் ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாத கை.

அந்த வாரமே மேனேஜரிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வேலை தனக்கும் வேண்டாம், நெட்டைக்கும் வேண்டாம், இருவரும் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். மேனேஜர் சிரித்த முகக்காரர். யாருக்கும் இல்லை என்று சொல்லித் தெரியாதவர். தாராளமாக இருங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கம்பெனியிலிருந்து இரண்டு ஆட்களைப் பேசிவிடுகிறேன் என்றார். இவர் நம்பினார். நெட்டையும் நம்பினான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். பிறகு என் வீட்டுக்கு வந்து என் மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்தார். போன் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. மதியத்துக்குள் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பார். சாயங்காலம் அடித்தது, போய்விட்டார். வேறு ஆட்கள் வரவில்லை என்று மேனேஜர் சொன்னாராம், இந்த ஒருமுறை மட்டும் என்றாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். அவள் அதை அணைத்துத் துணி அலமாரியில் வைத்துச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அந்த வீட்டில் கேட்ட சத்தமே வேறு. காய் நறுக்கியபடி அவர் ஏதோ கதை சொல்வார், மகள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாள். முதலில் அப்பாவிடம் கொஞ்சம் வெட்கப்பட்ட பெண், பிறகு அவர் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அம்மாக்காரி மதியம் தூங்கினாள். பகலில் படுத்துத் தூங்கி எத்தனை வருஷம் ஆகிறது அக்கா என்று, முகத்தில் பாயின் தடத்தோடு வந்து என்னிடம் சொன்னாள். நெட்டையும் அவன் வீட்டில் இருப்பதாகவும், பிள்ளை இப்போது அவனிடம் தாவுகிறான் என்றும் சொன்னாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வானம் கொஞ்சம் வெளுத்தது. மூவரும் சோறு கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிக்குப் போனார்கள். வழியில் பிடித்த மழை விடவே இல்லை. சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து, சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள். குழந்தை அவர் முதுகில் இருந்தாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேநீர் போடு என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர் அலமாரியைத் திறந்து போனை எடுத்து உயிர் கொடுத்தார்.

அது நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகத் தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. எல்லாம் மேனேஜர். ஒன்று மட்டும் நெட்டை.

"பாரு, இவன் வேற கூப்பிட்டிருக்கான்" என்று சிரித்தபடி அவனுக்குத்தான் முதலில் போன் போட்டார். எடுத்தது வேறு யாரோ. இவர் யார், நெட்டைக்கு என்ன உறவு என்று அந்தக் குரல் கேட்டது. இவர் சொன்னார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். தலையிலிருந்து மழைத்தண்ணீர் போன்மேல் வழிந்துகொண்டிருந்தது. தேநீர் டம்ளரோடு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

நடந்தது இதுதான். ஒரு டாக்டர்கள் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு தாயும் பிள்ளையும். மேனேஜர் இவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நெட்டையைக் கூப்பிட்டார். நெட்டை தனியாகப் போனான். மேலே ஏறி மின்சாரத்தை நிறுத்தி, கையால் பெட்டியை நகர்த்தி, இருவரையும் பத்திரமாக வெளியே எடுத்தும்விட்டான். அத்தோடு வந்திருக்கலாம். திங்கட்கிழமை நோயாளிகள் வருவார்கள், ஓட வைத்துவிட்டு வா என்று மேனேஜர் உத்தரவு. பெட்டியின் தலைமேல் ஏறினான். அங்கே இருக்கிற நிறுத்தும் பொத்தானுக்கு அவன் கை போவதற்குள், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அந்தக் கட்டடத்துக் காவலாளி மேலே போய் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டான். பெட்டி அவனோடு மேலே, கூரை வரைக்கும் போனது.

அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருக்க வேண்டும்.

லிஃப்டுக்காரர் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தார். நெட்டையின் மனைவி முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு போனைக் கையை விட்டு இறக்கவே இல்லை. தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவள் பதில் சொல்லியிருப்பாள். சலவை நிலையத்தில் ஒரு நாள் கவனம் தப்பிக் கையைச் சுட்டுக்கொண்டு வந்தாள். நான் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, "ஆஃப் பண்ணினது இந்தக் கைதான் அக்கா" என்றாள்.

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஆள் வரப்போவதாகத் தெரிந்ததும் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். இத்தனை மாடி ஏறியதில் அவருக்கு இரைத்தது. குழந்தைக்குப் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். அவள் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள். மேனேஜர் வெகு நேரம் நெட்டையின் நல்ல குணங்களைச் சொன்னார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தார். ஒரே ஆளை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பார்கள். ஏற்பாடு செய்திருந்தது இரண்டு பேரைத்தான் என்று ஆகிவிட்டால் கம்பெனிக்குப் பிரச்சினை இல்லை.

"அன்னைக்கு உன் முறைதான், போன்ல சார்ஜ் போயிடுச்சுன்னு சொல்லிடு. கொஞ்ச நாள் சும்மா இருக்கச் சொல்லுவாங்க. அப்புறம் நானே கூப்பிட்டுக்கறேன். உன்ன விட்டுடுவேனா?"

லிஃப்டுக்காரர் சரியென்று தலையை ஆட்டினார். அவ்வளவு சீக்கிரம் ஆட்டுவார் என்று மேனேஜரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மேனேஜர் போன பிறகு அவள் கேட்டாள். "உங்க முறைன்னு சொல்லப் போறீங்களா?"

"சொன்னா என்ன?"

"அன்னைக்கு நமக்கு லீவு. கேட்டு வாங்கின லீவு. வேற ஆள் வைக்கறேன்னு சொல்லிட்டு வைக்காதது யாரு?"

"அதெல்லாம் சரி. நான் எடுத்திருந்தா அவன் இருந்திருப்பான். இதுல எது பொய்?"

அவள் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அப்படியே குப்பைக்கூடையில் போட்டாள்.

மறுநாள் என்னிடம் வந்து, நெட்டை வீட்டுக்குப் போக வேண்டும், தனியாகப் போகக் கால் வரவில்லை என்றாள். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அந்த வீடு. ஒரே அறை, மழை ஈரத்தில் சுவர் பொருமியிருந்தது. அறைக்குள் கட்டிய கொடியில் பிள்ளையின் துணிகள் தொங்கின. அந்தக் கொடி எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நெட்டையின் மனைவி குள்ளமானவள். ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் இறங்கினாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டுக்காரி வந்த வழியெல்லாம் மனதுக்குள் கோத்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. போனை அணைத்தது நான்தான் என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் அவள். துணிகளை மடித்தாள். "உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும், அண்ணி. காலைல முழிக்கும்போதெல்லாம் உங்க ரெண்டு பேர் மூஞ்சிதான் வருது. ஏரிக்குப் போனீங்களாமே. சொன்னாங்க."

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"நீங்க செய்யறதுக்கு என்ன இருக்கு? அன்னைக்கு அவருக்கும் லீவுதானே. இதே இடத்துல உக்காந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தாரு. எச்சில் கையோட எடுக்க முடியாம போன ஸ்பீக்கர்ல போட்டாரு. சின்ன வேலைதான், ஒருத்தன் போதும், தனியாவே போய்ட்டு வந்துடுன்னு அந்த மேனேஜர் சொன்னத இந்தக் காதால கேட்டேன். அப்புறம் அண்ணனுக்கு அடிச்சுப் பாத்தாரு. எடுக்கலன்னதும் அவருக்குக் கோவம் வந்துச்சுன்னா நினைக்கறீங்க? சிரிச்சாரு. 'நெசமாவே ஆஃப் பண்ணிட்டாருடி, பொழைச்சாரு மனுஷன், இருக்கட்டும்'னாரு. போகாதீங்கன்னேன். ஒரு அம்மாவும் பிள்ளையும் மாட்டிட்டு நிக்கறாங்கன்னு சொல்லிட்டே செருப்பு மாட்டிட்டாரு."

பிள்ளை புரண்டு படுத்தான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரி மேனேஜர் வந்துபோனதைச் சொன்னாள். நெட்டையின் மனைவி கையை நிறுத்தினாள்.

"அண்ணன் அப்படிச் சொன்னா, என் வீட்டுக்காரர் தனியாப் போனது அவரோட தலைக்கனம்னு ஆயிடும். யார் அனுப்பினாங்கன்னே இல்லாம போயிடும். நான் கேட்டதச் சொல்லத்தான் போறேன். அண்ணன் வேற மாதிரி சொன்னா நான்தான் பொய்க்காரி."

திரும்பி வரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரிக்க இருவருக்குமே தோன்றவில்லை.

அவள் கணவனிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விசாரணை நாளன்று லிஃப்டுக்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கேட்டது, மேனேஜர் ஒப்புக்கொண்டது, வேறு ஆட்களைப் போடாதது, எல்லாவற்றையும் சொன்னார். நெட்டையின் மனைவி அந்த அறையின் மறுபக்கம் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் யாரும் கேட்காத கேள்விக்கும் ஒரு பதில் சொன்னாராம்: போனை அணைக்காமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேன். அதை எழுதிக்கொள்ளலாமா என்று அதிகாரி கேட்டதற்கு, எழுதிக்கொள்ளுங்கள் என்றாராம்.

மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அவர் அங்கேயும் சிரித்த முகமாக இருப்பார். லிஃப்டுக்காரருக்கு வேலை போனது. தொழிலில் சொல்லி வைத்த மாதிரி வேறு எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்கவில்லை. அலைந்து திரிந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பம்பையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு, பூட்டுப் போட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருப்பார். தினமும். போன் அடிப்பதே இல்லை. அவர் மனைவி ஆசைப்பட்டு ஏங்கியது இதற்குத்தான். வந்தவர் நாற்காலியில் உட்காருவார். கேட்டதற்குப் பதில் சொல்வார். மகள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் திருத்திக் கொடுப்பார். எங்கள் காகிதச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற சத்தமே கேட்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நெட்டை வீட்டுக்குத்தான். துணிக்கொடியைக் கை எட்டுகிற அளவுக்கு இறக்கிக் கட்டினார். ஒழுகுகிற இடத்தை அடைத்தார். சுவரைச் சுரண்டிப் பூசினார். செய்ய ஒன்றும் இல்லாதபோது பூசியதையே மறுபடி பூசினார். இருட்டிய பிறகுதான் வருவார். இவள் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பது என்றாள். குழந்தையும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மறுபடி என் வீட்டுக்கு வந்து மெஷினுக்குக் கீழே உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனவர் வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். நான் குப்பை கொட்ட வெளியே வந்தபோது மேல்படியில் உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். நான் திரும்பப் போனபோது அவராகவே பேசினார்.

"இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாக்கா. வாசல்லயே நிக்க வச்சு. உள்ள விடல."

"என்ன சொன்னா?"

"'ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல இருங்கண்ணே. அதுக்குத்தான் அவர் போனாரு'ன்னா."

கீழே எங்கோ யாரோ துணி துவைத்து அடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"நான் வீட்ல என்னக்கா பண்றது?"

அவர் நிஜமாகவே கேட்டார். யாராவது சொன்னால் அதன்படி செய்துவிடுவார் போலிருந்தது. அவர்கள் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் அடுப்பை நிறுத்திவிட்டு, நாங்கள் பேசுவதைக் கேட்டபடி நிற்பது தெரிந்தது.

"போய் உக்காருங்க" என்றேன். "சாப்பாடு ஆயிடுச்சு போலிருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போனார்.